மந்தநிலைச் சிக்கனம்: மிச்சப்படுவது யாருடைய பணம்?

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்குச் செல்லும் வழியில், மண்டகப்பட்டில் ஒரு குடைவரைக் கோயில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்தது. முகப்பின் இரு ஓரங்களிலும் வாயிற்காவலர் நிற்கிறார்கள். உள்ளே மூன்று கருவறைகள், இன்று வெறுமையாக. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகிய எதுவும் இல்லாமல், பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் இந்த இருப்பிடத்தை விசித்திரசித்தன் என்னும் அரசன் அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. கலை வரலாற்றாளர்களுக்கு அது கட்டடக்கலையின் ஒரு திருப்பம். வாகன உதிரிபாக நிறுவனம் ஒன்றின் கொள்முதல் பிரிவில் 28 ஆண்டுகள் வேலை பார்த்த எனக்கு, அந்தக் கல்வெட்டு வேறு மாதிரி தெரிகிறது. அது வாங்கப்படாத பொருள்களின் பட்டியல்.

எங்கள் ஊர் மண்டகப்பட்டுக்குப் பக்கம்தான். ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு அடிக்கடி அங்கே போய் உட்காருகிறேன். பல்லவ மன்னன் பணத் தட்டுப்பாட்டால் செங்கல்லைத் தவிர்த்தான் என்று நான் சொல்ல வரவில்லை. மரமும் சாந்தும் அழியும், பாறை நிற்கும் என்பதே அவன் கணக்காக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒன்று உறுதி. செங்கல் சூளைக்காரரைக் கூப்பிட்டு ‘விலையில் நூற்றுக்கு ஐந்து குறை’ என்று அவன் கேட்கவில்லை. செங்கல்லே தேவைப்படாத ஒரு முறைக்குப் போனான். நான் என் பணிக்காலத்தில் பெரும்பாலும் செய்தது முதல் வகை வேலை.

பொருளாதாரம் மந்தமாகும்போதெல்லாம் பெரிய நிறுவனங்களின் கண் கொள்முதல் பிரிவின் மேல் விழுகிறது. அதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. 100 ரூபாய்க்கு விற்கும் ஓர் உற்பத்தி நிறுவனம் அதில் 60 ரூபாயை வெளியிலிருந்து வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். லாபம் 6 ரூபாய். வாங்கும் பொருளின் விலையை 5 சதவீதம் குறைத்தால் 3 ரூபாய் மிச்சம்; லாபம் 9 ரூபாய் ஆகிவிடும். அதே 3 ரூபாயை விற்பனையின் மூலம் ஈட்ட வேண்டுமானால், லாப விகிதம் மாறாதபோது, விற்பனை ஒன்றரை மடங்காக வேண்டும். சந்தை சுருங்கிக் கிடக்கும் காலத்தில் அது நடக்காது. ஆகவே இயக்குநர் குழுக் கூட்டத்தில் ‘கொள்முதலில் இவ்வளவு குறைத்துக் காட்டுங்கள்’ என்ற இலக்கு வருகிறது. கணக்கில் பிழையில்லை. அந்த 3 ரூபாய் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் கணக்கு கேட்பதில்லை.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு கொடுத்தது. சில வாரங்களுக்குள் அதன் அதிர்வு சென்னைக்கு வந்துவிட்டது. வாகனத் தயாரிப்பு நிறுவனங்கள் உற்பத்தியைக் குறைத்தன; அவர்களுக்குப் பொருள் தரும் எங்களுக்கு ஆர்டர் குறைந்தது. அந்த நவம்பரில் எங்களுக்குப் பொருள் தந்துவந்த சிறு பட்டறைகள் அனைத்துக்கும் ஒரு கடிதம் போனது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து எல்லா விலைகளிலும் 5 சதவீதம் குறைக்கப்படுகிறது. பில் பணம் 60 நாளுக்குப் பதில் 90 நாளில் தரப்படும். கடிதத்தின் வரைவை எழுதியவன் நான். ‘நமது நீண்டகால நல்லுறவைக் கருத்தில் கொண்டு’ என்று தொடங்கியதாக நினைவு.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் ஷாப் வைத்திருந்த ஒருவர் மறுநாளே என்னைப் பார்க்க வந்தார். அவரும் செஞ்சி வட்டாரத்துக்காரர். அலுவலகத்துக்குள் ‘சார்’ என்பார்; வெளியே தேநீர்க் கடையில் ‘அண்ணே’. நான்கு பவர் பிரஸ், 11 ஆட்கள். தகட்டை வெட்டி, துளையிட்டு, வளைத்து பிராக்கெட் செய்து தருவது அவர் வேலை. “சார், தகடு விலை இறங்கியிருக்கு, அதைக் கழிச்சுக்குங்க, அது நியாயம். என் கூலியில எதைக் கழிக்கிறது?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் கொள்முதல் என்ற தொழிலின் சாரமே இருக்கிறது. அவர் தரும் 100 ரூபாய் பொருளில் ஏறக்குறைய 65 ரூபாய் தகட்டின் விலை. மீதி 35 ரூபாயில்தான் ஆட்கூலி, மின்சாரம், வாடகை, வட்டி, தேய்மானம், அவருடைய லாபம் எல்லாம் அடங்க வேண்டும். 2008இன் இறுதியில் உலகச் சந்தையில் எஃகு விலை சரிந்தது உண்மை. அதற்கேற்ப 65 ரூபாயைக் குறைப்பது ஒரு காரியம். அதைத் தனியே குறைத்துக்கொண்டு, அதன் மேல் மொத்த விலையில் இன்னும் 5 ரூபாயை எடுப்பது வேறு காரியம். அந்த 5 ரூபாய் 100இலிருந்து போவதில்லை, 35இலிருந்து போகிறது. ஏழில் ஒரு பங்கு. அந்த ஆண்டில் தமிழகத்தில் மின்வெட்டு வேறு. அவர் டீசல் ஜெனரேட்டரில் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டார். வேறு வழி இல்லை. ஏழு மாதம் கழித்துப் பட்டறையை மூடினார்.

அதன் பிறகு நடந்ததை எந்தக் கூட்டத்திலும் யாரும் திரையில் போட்டுக் காட்டவில்லை. மத்திய அரசு 2008 டிசம்பரில் உற்பத்தி வரியைக் குறைத்தது. வங்கி வட்டியும் இறங்கியது. 2009இன் நடுவிலேயே வாகன விற்பனை மீண்டுவிட்டது. எங்களுக்கு அந்த பிராக்கெட் அவசரமாக, கூடுதல் எண்ணிக்கையில் தேவைப்பட்டது. டை எங்கள் நிறுவனத்தின் சொத்து. அதை வேறொரு பட்டறைக்கு ஏற்றி அனுப்பினோம். டை மட்டும் போனால் போதாது, அதை எந்த பிரஸ்ஸில், எந்த அழுத்தத்தில், எந்தப் பக்கம் சற்றே தட்டு வைத்து ஓட்டினால் துளை நழுவாமல் விழும் என்ற கைப்பழக்கமும் போக வேண்டும் என்பதை அப்போது கற்றோம். கழிவு பெருகியது. இரவில் தனி வண்டி வைத்துப் பொருள் எடுத்தோம். நானே ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்த ஒரு பொருளில் ஓராண்டுக்கு ‘மிச்சம்’ என்று காட்டிய தொகை மூன்று மாதத்துக்குள் கரைந்திருந்தது. மிச்சம் கொள்முதல் பிரிவின் சாதனையாகவும், இழப்பு உற்பத்திப் பிரிவின் செலவாகவும் எழுதப்பட்டதால் இரண்டும் ஒரே தாளில் சந்திக்கவே இல்லை.

இந்தத் தவறை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. 1992இல் ஜெனரல் மோட்டார்ஸ் பெரும் நட்டத்தில் இருந்தபோது அதன் உலகக் கொள்முதல் தலைவராக வந்தவர் ஹோசே இக்னாசியோ லோபஸ். நடப்பில் இருந்த ஒப்பந்தங்களையே மறுபடி திறந்து, பெரிய அளவில் விலைக்குறைப்புக் கேட்டார். நிறுவனத்துக்குக் கணிசமான தொகை மிஞ்சியது; மறுக்க முடியாது. ஆனால், உதிரிபாகம் தருபவர்களின் நம்பிக்கை போனது. புதிய தொழில்நுட்பத்தை முதலில் ஜெனரல் மோட்டார்ஸிடம் கொண்டுவந்து காட்ட அவர்கள் தயங்கினார்கள். 1993இல் அவர் ஃபோக்ஸ்வாகனுக்குத் தாவி, ரகசிய ஆவணங்களைக் கொண்டுபோனார் என்ற வழக்கு பல ஆண்டுகள் நடந்தது தனிக்கதை.

1999இல் நிசானை மீட்க வந்த கார்லோஸ் கோன் கையாண்டதும் கடும் மருந்துதான். மூன்றாண்டில் கொள்முதல் செலவை 20 சதவீதம் குறைப்பது. பொருள் தருபவர்களின் எண்ணிக்கையை 1,145இலிருந்து 600க்குள் கொண்டுவருவது. அதில் பலர் தொழிலை இழந்தார்கள். ஆனால், மிஞ்சியவர்களுக்கு ஆர்டரின் அளவு பெருகியது. பொறியாளர்கள் உட்கார்ந்து வரையறைகளைத் தளர்த்தினார்கள். வெறும் கடிதம் அல்ல. அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்திலும் நிசான் திட்டத்தைப் புகழாதவர் இல்லை. நாங்கள் எடுத்துக்கொண்டது 20 சதவீதம் என்ற எண்ணை மட்டும்.

விலைக்குறைப்பைவிட ஓசையில்லாமல் நடப்பது பணத்தைத் தாமதிப்பது. ‘நடைமுறை மூலதனத்தைச் சீராக்குதல்’ என்று ஆண்டறிக்கைகளில் இதற்கு மரியாதையான பெயர் உண்டு. இதிலும் ஒரு கணக்கைப் பார்த்துவிடலாம். 45 நாளில் தர வேண்டிய 100 ரூபாயைப் பெரிய நிறுவனம் 120 நாளில் தருகிறது. இடையில் 75 நாள். பெரிய நிறுவனத்துக்கு வங்கியில் 8 சதவீத வட்டிக்குக் கடன் கிடைக்கும் என்றால், இந்த 75 நாளில் அது மிச்சப்படுத்துவது சுமார் 1 ரூபாய் 64 காசு. சிறு பட்டறைக்காரர் அதே நாள்களை ஓட்ட 12 சதவீத வட்டிக்கு வாங்கினால் அவருக்குச் செலவு சுமார் 2 ரூபாய் 47 காசு. தனியாரிடம் வாங்கினால் இன்னும் மேலே போகும். ஒருவர் 1.64 சேமிக்க, மற்றவர் 2.47 இழக்கிறார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நாட்டுக்கு மிஞ்சியது எதுவும் இல்லை. 83 காசு கூடுதல் செலவு. அந்த 83 காசும் நாளடைவில் பொருளின் விலைக்குள் வந்து உட்காரத்தான் போகிறது.

இதே கணக்கைத் திருப்பிப் போடலாம். 60 நாள் முன்கூட்டியே பணம் தருகிறேன், ஒன்றரை சதவீதம் கழித்துக்கொள்கிறேன் என்று பெரிய நிறுவனம் சொன்னால், அதன் கையிருப்புக்கு ஆண்டுக்கு 9 சதவீதத்துக்குமேல் வருமானம். வங்கி வைப்புநிதியில் கிடைக்காதது. பட்டறைக்காரருக்கு 12 சதவீத வட்டியில் 60 நாளுக்கு ஆகும் 1 ரூபாய் 97 காசு மிஞ்சுகிறது. அதில் ஒன்றரை ரூபாய் போனாலும் லாபம். இரு பக்கமும் சேமிப்பு. கையில் ரொக்கம் வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மந்தநிலை தரும் உண்மையான வாய்ப்பு இது. நான் பணியில் இருந்தபோது இரண்டு முறை இதை எழுத்தில் முன்வைத்தேன். ‘நிதிப் பிரிவின் விஷயம், கொள்முதலில் வராது’ என்ற குறிப்புடன் கோப்பு திரும்பியது.

வாங்குபவரின் பலமும் விற்பவரின் அவசரமும் மோதும் இடத்தில் சட்டம் குறுக்கே வர வேண்டும் என்பதை எங்கள் வட்டாரம் 90 ஆண்டுகளுக்கு முன்பே பார்த்தது. அன்றைய தென்னாற்காடு மாவட்டம் சென்னை மாகாணத்தின் முக்கியமான நிலக்கடலைச் சீமை. திண்டிவனம், செஞ்சி, விழுப்புரம் பக்கத்து மல்லாட்டை (எங்கள் பக்கம் கடலைக்கு அதுதான் பெயர்) புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் விலை சரிந்தது. விலை சரிந்தபோது வாங்குபவர்கள் அதை விலையில் மட்டும் காட்டவில்லை. எடையில் காட்டினார்கள், தரகில் காட்டினார்கள், மகமை, மாதிரி, கழிவு என்ற பெயர்களில் காட்டினார்கள். மந்தநிலைக்கு முன்பே, 1928இல், லின்லித்கோ தலைமையிலான வேளாண்மைக்கான ராயல் ஆணையம் இவற்றையெல்லாம் குறிப்பிட்டு, ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்திருந்தது. மந்தநிலையின் நடுவில், 1933இல், சென்னை வணிகப் பயிர்ச் சந்தைகள் சட்டம் வந்தது. இன்று செஞ்சியில் நெல்லும் மல்லாட்டையும் மூட்டை மூட்டையாக வந்து குவியும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, ஊர்ப் பேச்சில் ‘கமிட்டி’க்கு, வேர் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. கமிட்டியின் குறைகளை எங்கள் ஊர் விவசாயிகள் மணிக்கணக்கில் சொல்வார்கள். சாக்குத் தட்டுப்பாடு, பணம் தள்ளிப்போவது, மழையில் நனையும் நெல். ஆனாலும், எடைக்கல்லை வாங்குபவரே வைத்திருக்கக் கூடாது என்ற விதி அங்கே கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது.

சிறு தொழிலுக்கு அத்தகைய விதி வர 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் குறு, சிறு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டும் என்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கில், மாதாந்திரக் கூட்டுவட்டி. முறையிடச் சென்னை, திருச்சி, மதுரை, கோவையில் வசதியாக்க மன்றங்கள். 2017 முதல் இணையவழியில் மனுச் செய்ய ‘சமாதான்’ தளம். படிக்கும்போது பல் உள்ள சட்டமாகத்தான் தெரியும். எங்கள் 2008 கடிதம் இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதப்பட்டது என்பதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். 60 நாள் என்பதே சட்டத்துக்குப் புறம்பு. நாங்கள் அதை 90 ஆக்கினோம். ஒருவர்கூட மனுச் செய்யவில்லை. மனுச் செய்து வட்டியை வாங்கலாம்; அடுத்த ஆர்டரை வாங்க முடியாது.

சிறியவரின் புகாரை நம்பாமல், பெரியவரின் சுயநலத்தை நம்பி வந்தது அடுத்த விதி. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 1961 வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவைச் சேர்த்தது. குறு, சிறு நிறுவனத்துக்கு உரிய நாள்களுக்குள் பணம் தராவிட்டால், உண்மையில் பணம் தரும் ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்டி வரிக்கழிவு பெறலாம். யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, தணிக்கையாளரே கேட்பார். 2024 மார்ச் மாதத்தில் பல பட்டறைக்காரர்கள் கணக்கில் பழைய பாக்கிகள் திடீரென்று வந்து விழுந்ததை நேரில் கேட்டறிந்தேன். கூடவே ஒரு அச்சமும் எழுந்தது. இந்தப் பிரிவு நடுத்தர நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்பதால், ஆர்டர்கள் சிறியவரிடமிருந்து நடுத்தரத்தாருக்கு நகர்ந்துவிடுமோ என்று. பதிவைக் கைவிடுங்கள் என்று வாங்குபவர்கள் நெருக்குவதாகவும் பேச்சு இருந்தது. சட்டம் ஒரு கதவை மூடினால் கொள்முதல் பிரிவு சன்னலைத் தேடும். அந்த வேலையில் இருந்தவன் என்பதால் வியக்கவில்லை.

பில்லை ஏலத்தில் விட்டு வங்கியிடம் உடனே பணம் பெறும் ‘டிரெட்ஸ்’ மின்தளங்களும் 2017 முதல் இயங்குகின்றன. ஆண்டுக்கு 500 கோடி ரூபாய்க்குமேல் வணிகம் செய்யும் நிறுவனங்கள் இதில் பதிய வேண்டும் என்றிருந்த வரம்பு, 2024இல் 250 கோடியாகத் தாழ்த்தப்பட்டது. நல்ல ஏற்பாடு. ஆனால், பதிவது கட்டாயம். பில்லை ஏற்றுக்கொண்டு அதில் ஒப்புதல் தருவது பெரியவரின் விருப்பம். கல்யாணப் பத்திரிகையில் பெயர் இருக்கிறது, பந்தியில் இலை இல்லை என்பது போல.

அப்படியானால் மந்தநிலையில் செலவைக் குறைக்கவே கூடாதா என்று நிறுவனத் தரப்பில் கேட்பார்கள். குறைக்க வேண்டும். விற்பனை விழுந்தால் எல்லோருடைய வேலையும் ஆபத்தில். சிக்கனம் செய்யாத நிறுவனம் தன்னை நம்பியிருக்கும் பட்டறைகளையும் சேர்த்தே மூழ்கடிக்கும். எங்கே குறைப்பது என்பதில்தான் பேச்சு.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் லாரன்ஸ் மைல்ஸ் என்றொரு பொறியாளர் இருந்தார். செம்பும் நிக்கலும் போருக்குப் போய்விட்டன. கேட்ட பொருள் கிடைக்காது. அவர் பொருளைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பொருள் செய்யும் வேலை என்ன, அதே வேலையை வேறு எது செய்யும் என்று கேட்கத் தொடங்கினார். மாற்றுப் பொருள் பல நேரம் மலிவாகவும், சில நேரம் மேலாகவும் இருந்தது. போருக்குப் பின், 1947இல், அதையே ஒரு முறையாக வகுத்தார். ‘மதிப்புப் பகுப்பாய்வு’ என்று இன்று பொறியியல் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. கோயிலுக்கு வேண்டியது செங்கல் அல்ல, தெய்வத்துக்கு ஓர் இருப்பிடம் என்று மண்டகப்பட்டில் யோசித்தவருக்கு இந்தப் பாடம் புதிதாக இருந்திருக்காது.

எங்கள் நிறுவனத்திலும் ஒருமுறை இது நடந்தது. 2013 வாக்கில், விற்பனை மறுபடி மந்தமானபோது, ஒரு மேலாளரின் பிடிவாதத்தால், பட்டறைக்காரர்களையே உள்ளே அழைத்து ஒரு வாரம் உட்கார வைத்தோம். முதல் நாள் யாரும் வாய் திறக்கவில்லை. எதைச் சொன்னாலும் விலைக்குறைப்பில் போய் முடியும் என்ற அனுபவம். சொல்லும் யோசனையில் மிச்சமாவதில் பாதி அவர்களுக்கே என்று எழுதிக் கொடுத்த பிறகு பேசினார்கள். வண்டிக்குள் மறைந்துபோகும் ஒரு பாகத்துக்கு வெளியே தெரியும் பாகத்தின் தரத்தில் பெயிண்ட் கேட்கிறீர்களே, எதற்கு என்றார் ஒருவர். எங்களிடம் பதில் இல்லை. பழைய வரைபடத்தில் இருந்தது, அவ்வளவுதான். அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்புவதை நீங்கள் பிரித்துக் குப்பையில் போடுகிறீர்கள், திரும்பி வரும் பிளாஸ்டிக் டிரே வாங்கிக் கொடுங்கள் என்றார் இன்னொருவர். ஒரே தெருவிலிருந்து நான்கு பட்டறைகளின் டெம்போ பாதி காலியாக வந்துகொண்டிருந்தது. அளவில் அரை மில்லிமீட்டர் வேறுபட்ட போல்ட்டுகள் பதினான்கு வகை. ஒரு வாரத்தில் சேர்ந்த பட்டியலில் இருந்த மிச்சம் 2008 கடிதத்தின் மிச்சத்துக்குக் குறைந்ததில்லை. ஒரு பட்டறையும் மூடப்படவில்லை. அந்த மேலாளர் மாறிப்போன பிறகு அந்தக் கூட்டம் நடக்கவில்லை.

கையிருப்பைக் குறைப்பது மந்தநிலைச் சிக்கனத்தின் இன்னொரு செல்லப்பிள்ளை. செஞ்சிக் கோட்டைக்குச் செல்பவர்கள் கல்யாண மகாலைப் பார்த்துவிட்டு, அருகில் உள்ள பெரிய நெற்களஞ்சியத்தைச் சட்டென்று கடந்துவிடுகிறார்கள். 1690இல் தொடங்கிய முகலாய முற்றுகையை இராஜாராமின் கோட்டை 1698 வரை தாங்கியதற்கு மதிலும் மலையும் மட்டும் காரணம் அல்ல. இடையில், 1692-93 குளிர்காலத்தில், மராட்டியப் படைகள் வெளியிலிருந்து வந்து முகலாயரின் தானிய வரத்தை அறுத்தன. முற்றுகையிட்ட சுல்ஃபிகர் கான் தானே பட்டினியில் சிக்கி வந்தவாசிக்குப் பின்வாங்கினார்.

களஞ்சியத்தை வெறும் முடங்கிய மூலதனமாகக் கண்டவர்கள் பாடம் பெற்றது 2021இல். கொரோனா பொதுமுடக்கத்தில், 2020-21 முதல் காலாண்டில், நமது உள்நாட்டு உற்பத்தி முதல் மதிப்பீட்டின்படி 23.9 சதவீதம் சுருங்கியது. உலகம் முழுவதும் கார் நிறுவனங்கள் சிப் ஆர்டர்களை ரத்து செய்தன. சிப் தயாரிப்பாளர்கள் அந்த இடத்தை மடிக்கணினிக்கும் கைப்பேசிக்கும் கொடுத்துவிட்டார்கள். கார் சந்தை எதிர்பார்த்ததைவிட விரைவாக மீண்டபோது சிப் இல்லை. 2021 செப்டம்பரில் மாருதி சுசூகியின் உற்பத்தி வழக்கமான அளவில் 40 சதவீதம் அளவுக்கே இருக்கும் என்று அந்த நிறுவனமே அறிவித்தது. 2011 நிலநடுக்கத்துக்குப் பின் முக்கியச் சிப்புகளைச் சில மாதங்களுக்கு இருப்பு வைக்கச் சொல்லியிருந்த டொயோட்டா, ‘அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் பொருள்’ என்ற முறையையே உலகுக்குத் தந்த நிறுவனம், மற்றவர்களைவிட நீண்ட நாள் தாக்குப்பிடித்தது.

அதே 2020இல் ஆயத்த ஆடைத் துறையில் நடந்தது இன்னும் கசப்பானது. மேற்கத்திய நிறுவனங்கள் ரத்து செய்த அல்லது நிறுத்திவைத்த ஆர்டர்கள் வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம் கணக்கிட்டது. துணி வெட்டித் தைத்து முடிந்தவையும் அதில் இருந்தன. எச் அண்டு எம் போன்ற சில நிறுவனங்கள், தயாரானதற்கும் தயாரிப்பில் இருப்பதற்கும் பணம் தருவோம் என்று அறிவித்தன. ஒரே நெருக்கடி, ஒரே தொழில், இரு வேறு நடத்தை; ஆகவே ‘சந்தையின் கட்டாயம்’ என்ற சமாதானம் முழு உண்மை அல்ல. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, திருப்பூரில் மறுபடியும் அதே உரையாடல். வரியில் ஒரு பங்கை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாங்குபவர் கேட்க, ஏற்றுமதியாளர் அதை ஜாப் ஒர்க் செய்யும் சாயப்பட்டறைக்கும் தையற்கூடத்துக்கும் தள்ள, கடைசியில் அது யாருடைய கூலியில் போய் நின்றது என்பதை எந்த வரி அறிவிக்கையும் சொல்லாது.

அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு, செலவில்லாதது. 2021 மார்ச்சில் நிறுவனச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை திருத்தப்பட்டு, குறு, சிறு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு காலமாக நிற்கிறது என்பதை நிறுவனங்கள் இருப்புநிலைக் குறிப்பில் காட்ட வேண்டும் என்றானது. நல்ல விதி. ஆனால், அந்த அட்டவணையின் முதல் கட்டம் ‘ஓராண்டுக்குள்’ என்று இருக்கிறது. சட்டப்படி 45 நாள்; கணக்கில் காட்டும் முதல் பெட்டியோ 365 நாள் அகலம். 40 நாளில் தந்தவரும் 300 நாள் இழுத்தவரும் அதே பெட்டிக்குள் அக்கம்பக்கமாகப் படுத்துக்கொள்ளலாம். அதை 45 நாள் வரை, 46 முதல் 90 வரை, 90க்கு மேல் என்று பிரித்தால் போதும். 45 நாள் கடந்த பாக்கிகளை அரையாண்டுக்கு ஒருமுறை நிறுவனப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2019 முதலே ஆணை இருப்பதால் தகவல் ஏற்கெனவே திரட்டப்படுகிறது. பங்குதாரர் பார்வைக்கு எளிதில் வருவதில்லை, அவ்வளவுதான். பிரிட்டனில் 2017 முதல் பெரிய நிறுவனங்கள் சராசரியாக எத்தனை நாளில் பணம் தருகிறோம் என்பதை ஆண்டுக்கு இருமுறை பொதுவெளியில் வெளியிட வேண்டும். அங்கேயும் தாமதம் ஒழிந்துவிடவில்லை. ஆனால், எந்த நிறுவனத்துக்குப் பொருள் தரலாம் என்று ஒரு பட்டறைக்காரர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள முடிகிறது.

அம்பத்தூரில் பட்டறை வைத்திருந்தவரைப் பொங்கலுக்கு முன் செஞ்சி கமிட்டி வாசலில் பார்த்தேன். நெல் கொண்டுவந்திருந்தார். மகன் ஒரகடம் பக்கம் இரண்டு பிரஸ் போட்டு நடத்துகிறானாம். பணம் எத்தனை நாளில் வருகிறது என்று கேட்டேன். “தொண்ணூறுண்ணே” என்றார். உதயம் பதிவு இருக்கிறதா, 45 நாள் சட்டம் தெரியுமா என்றேன். தெரியும் என்றார். அந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டு மகன் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறானாம், இன்னும் அனுப்பவில்லை. மார்ச்சில் ரேட் கான்ட்ராக்ட் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது என்றார். எடை போடுபவர் கூப்பிட்டார். தராசைப் பார்க்கப் போய்விட்டார்.